காரைக்காலில் ஆகஸ்ட் 16 எதற்கு விடுமுறை?

பேரளத்துக்காரன்:
காரைக்காலில் வேலைக்குச் சேர்ந்து இது முதல் வருடம். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு கிளம்பினால், "நாளைக்கும் லீவுதான், வந்துடாதீங்க" என்கிறார்கள். எங்கள் ஊரில் மறுநாள் வழக்கம்போல பள்ளிக்கூடம் உண்டு. நவம்பர் 1ம் இங்கே விடுமுறையாம். முக்கால் மணி நேர பஸ் தூரத்தில் எப்படி இத்தனை வித்தியாசம்?

அரசலாற்றங்கரை:
தம்பி, 1947 ஆகஸ்ட் 15 அன்று பேரளத்தில் கொடி மாறியது, காரைக்காலில் மாறவில்லை. இங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. 1954 அக்டோபர் 18ல் புதுச்சேரி பக்கம் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள், 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது, அதுதான் விடுதலை நாள். ஆனால் சட்டப்படி மாறவில்லை! 1956 மே மாதம் ஒப்பந்தம் போட்டும் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தராமல் இழுத்தடித்து, அல்ஜீரியப் போர் ஓய்ந்த பிறகுதான் தந்தது. 1962 ஆகஸ்ட் 16ல்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. எட்டு வருடம் ஆண்டது இந்தியா, ஏட்டில் பிரான்ஸ். எங்கள் பள்ளிப் பாடத்தில் இதற்கு நாலு வரிகூட இல்லை, எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

திருநள்ளாற்றுப் பேத்தி:
அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால், இங்கேயே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எங்கள் தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை, அவர் தம்பி கொடுத்தார். சின்னத் தாத்தாவின் பிள்ளைகள் அப்புறம் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனதால் அது சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, ஆகிவிட்டது. ஒரே கொல்லை, ஒரே கிணறு, ஆனால் பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் அவர்கள் ஓட்டுப் போடுவார்கள், நாங்கள் வேடிக்கை பார்ப்போம். ஆகஸ்ட் 16 என்றாலே எனக்கு அந்த இரண்டு தாத்தாக்கள்தான் ஞாபகம்.

பேரளத்துக்காரன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. காரைக்கால் போய்த் திரும்பினால் வழியில் மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள் என்று எங்கள் பாட்டி சொல்லும், கதை விடுகிறது என்றே நினைத்திருந்தேன். அந்தச் சோதனைச் சாவடி அம்பகரத்தூர் பக்கம் இருந்ததா? இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பாட்டியை அழைத்துப்போய்க் காட்ட வேண்டும்.