மேலத்தெரு வீட்டார் குழு: சிகாகோவா, ஒஹையோவா?

ஏப்ரல் 25, 2026, சனிக்கிழமை

செல்வம் (எடிசன்): எல்லோருக்கும் வணக்கம். யாழினிக்கு இரண்டு லா ஸ்கூலில் இடம் கிடைத்திருப்பது தெரியும். மே 1-க்குள் ஏதாவது ஒன்றுக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். வீட்டில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். நீங்கள் சொல்லுங்கள்.

சரோஜா அத்தை: மே 1 சித்ரா பௌர்ணமி. அழகர் ஆற்றில் இறங்கும் நாள். தாராளமாகக் கட்டு

முருகேசன்: எதற்கு என்று கேட்காமலே கட்டச் சொல்கிறாயே அக்கா

ராஜாங்கம் (வக்கீல்): எந்தெந்த ஊர்?

செல்வம் (எடிசன்): சிகாகோ, ஒஹையோ. சிகாகோ பெரிய பெயர், அமெரிக்காவில் முதல் 14-க்குள் வரும். ஒஹையோவில் மூன்று வருடமும் டியூஷன் இலவசம்.

ராஜாங்கம் (வக்கீல்): இலவசம் என்றால் அப்புறம் என்ன பேச்சு

கலா: அதைத்தான் மூன்று வாரமாக நானும் கேட்கிறேன்

கார்த்திக் டல்லாஸ்: சித்தப்பா, நான் ஒரு எக்ஸெல் போட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிக்கவும். சிகாகோவில் டியூஷன், வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஏறக்குறைய 1,20,000 டாலர். அவர்கள் தரும் உதவித்தொகை 20,000. மீதி ஒரு லட்சம், மூன்று வருடத்துக்கு 3 லட்சம். ஒஹையோவில் தங்கும் செலவு மட்டும்தான், வருடம் 25,000 என்று வைத்தால் 75,000. போன வருடம் சேர்ந்திருந்தால் அந்த 3 லட்சத்தையும் அரசாங்கமே கடனாகக் கொடுத்திருக்கும். கிராட் பிளஸ் என்று பெயர். இந்த ஜூலை 1 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது கிடையாது. லா படிப்புக்கு அரசுக் கடன் வருடம் 50,000, மொத்தமே 2 லட்சம்தான் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். ஆக யாழுவுக்கு அரசிடமிருந்து 1,50,000. மிச்சம் 1,50,000-க்குத் தனியார் வங்கியிடம் போக வேண்டும். சித்தப்பா ஜாமீன் கையெழுத்துப் போடாமல் அவன் தரமாட்டான்.

முருகேசன்: தம்பி, ரூபாயில் சொல்

ராஜாங்கம் (வக்கீல்): 3 லட்சம் டாலர் இரண்டரைக் கோடிக்கு மேல்

சரோஜா அத்தை: ஆத்தாடி

சரோஜா அத்தை: கடன் என்றதும் ஞாபகம் வருகிறது, தண்ணீர்ப் பந்தலுக்குச் செல்வம் பங்கு இன்னும் வரவில்லை

ராஜாங்கம் (வக்கீல்): அது என்ன கணக்கு 14? 10 என்பார்கள், 20 என்பார்கள்

கார்த்திக் டல்லாஸ்: யு.எஸ். நியூஸ் போடும் தரவரிசை அப்பா. பல வருடமாக முதல் 14 நாற்காலியில் கிட்டத்தட்ட அதே பள்ளிகள்தான் மாறி மாறி உட்கார்ந்திருந்தன. அதனால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. 2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டும், இந்த வரிசையே சரியில்லை என்று விலகின. பத்திரிகை விடவில்லை, வெளியில் கிடைக்கிற விவரத்தை வைத்து இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

முருகேசன்: 15-ஆவது பள்ளிக்காரன் பாவம்

ராஜாங்கம் (வக்கீல்): எங்கே படித்தாலும் சட்டம் சட்டம்தான். நான் மதுரையில் படித்தவன். 2004-இல் ஹைகோர்ட் கிளை இங்கே வந்தபோது சென்னையில் படித்தவன் எல்லாம் என்னிடம்தான் வழி கேட்டான். கட்சிக்காரன் எவனும் சான்றிதழைப் பார்த்துவிட்டு வக்காலத்துக் கொடுப்பதில்லை.

முருகேசன்: வழி கேட்டது கேன்டீனுக்கா அண்ணே

முருகேசன்: 2024-இல் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 கொடுக்க வேண்டும் என்று ஹைகோர்ட் சொன்னதே. நம் ஆபீஸில் எப்படி?

ராஜாங்கம் (வக்கீல்): அது வேறு விஷயம்

கார்த்திக் டல்லாஸ்: 😂

யாழினி: பெரியப்பா, இங்கே முதல் வேலைக்குப் பள்ளியின் பெயரைப் பார்ப்பார்கள். நியூயார்க் மாதிரி ஊர்களில் பெரிய கம்பெனிகள் முதல் வருடமே 2,25,000 டாலர் தருகின்றன. அவர்கள் ஆள் எடுக்க நேராகப் போவது இந்தப் பெரிய பள்ளிகளுக்குத்தான். ஒஹையோவிலிருந்தும் போகலாம், ஆனால் வகுப்பில் மேலே இருக்க வேண்டும்.

சரோஜா அத்தை: அப்படியென்றால் ஒரே வருடத்தில் அடைத்துவிடலாமே

கலா: வரி, வாடகை யார் கொடுப்பது மதினி

கலா: அதுவும் இவள் அந்த வேலைக்குப் போகப் போவதில்லை. அதையும் சொல்லு யாழு

யாழினி: நான் குடியேற்ற வழக்குகள் எடுக்கத்தான் படிக்கிறேன். லீகல் எய்டு மாதிரி. சம்பளம் குறைவு, தெரியும். ஆனால் பொதுச் சேவையில் பத்து வருடம் இருந்தால் கடன் தள்ளுபடி உண்டு.

கார்த்திக் டல்லாஸ்: இங்கேதான் சிக்கல் யாழு. 2007-இல் வந்த திட்டம் அது, 120 தவணை ஒழுங்காகக் கட்டினால் மிச்சத்தைத் தள்ளுவார்கள். அரசுக் கடனை மட்டும்தான். தனியார் வங்கியில் வாங்கிய 1,50,000 அப்படியே நிற்கும். அரசுக் கடனுக்கே இந்த வருடம் வட்டி 7.94 சதவீதம். போன வருடம் சேர்ந்தவளுக்கு உன் கணக்குச் சரி. உனக்குப் பாதிதான் சரி.

யாழினி: ம்

செல்வம் (எடிசன்): தனியாரிடம் போக வேண்டாம், வீட்டின் மேல் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் சொல்கிறேன்

கலா: வீடு உங்கள் பெயரில் மட்டும் இல்லை

முருகேசன்: மதினி 👏

கார்த்திக் டல்லாஸ்: ஒஹையோ கடிதத்தில் நிபந்தனை ஏதாவது இருக்கிறதா யாழு? சில பள்ளிகள் வைப்பார்கள்.

யாழினி: இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. முதல் வருட முடிவில் வகுப்பில் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்தால்தான் அடுத்த வருடமும் தொடருமாம்.

கலா: இது எனக்குத் தெரியாதே

கலா: ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருப்பது முதல் பக்கம் மட்டும்தானே. தினமும் பால் எடுக்கும்போது அதைத்தானே பார்த்துச் சந்தோஷப்பட்டேன்

செல்வம் (எடிசன்): நான் சொல்ல வந்தபோதெல்லாம் நீ கேட்கவில்லை

கார்த்திக் டல்லாஸ்: இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலேஜில் நன்றாகப் படித்தால் எல்லோருமே ஏ வாங்கலாம். லா ஸ்கூலில் முதல் வருடம் மதிப்பெண்ணை ஒரு வளைவில் வைத்துப் போடுவார்கள், ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கியாக வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்கு இதே நிபந்தனையோடு உதவித்தொகை கொடுத்திருந்தால், மூன்றில் ஒரு பங்கு பேர்தான் தாண்ட முடியும் என்கிறபோது மற்றவர்கள் எங்கே போவார்கள்? அத்தனை பேரும் ராப்பகலாகப் படித்தாலும் சிலருக்குப் போய்த்தான் தீரும். எத்தனை பேருக்கு உதவித்தொகை குறைந்தது அல்லது போனது என்று ஒவ்வொரு பள்ளியும் வெளியிட்டாக வேண்டும். 509 அறிக்கை என்று தேடு.

யாழினி: பார்த்துவிட்டேன் அண்ணா. நிறையப் பேருக்குப் போயிருக்கிறது

ராஜாங்கம் (வக்கீல்): கடிதத்தை முழுதாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. இரண்டாம் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களை வைத்துத்தான் நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது

சரோஜா அத்தை: ஒரு வருடம் ஒஹையோவில் படித்துவிட்டுச் சிகாகோவுக்கு மாற முடியாதா? நம் பிரியா ஸ்கூல் மாறினாளே

கார்த்திக் டல்லாஸ்: மாறலாம் அத்தை. ஆனால் மாறி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கொடுக்கமாட்டார்கள். மாறும் அளவுக்கு மதிப்பெண் இருந்தால் ஒஹையோவிலேயே பணம் நின்றுவிடும்.

ராஜாங்கம் (வக்கீல்): பேரம் பேசினாயா?

யாழினி: பேசலாமா பெரியப்பா? அசிங்கமாக இருக்காதா

சரோஜா அத்தை: சேலைக் கடையில் கேட்பதில்லையா

கார்த்திக் டல்லாஸ்: தாராளமாகக் கேட்கலாம், எல்லோரும் கேட்கிறார்கள். ஒஹையோ கடிதத்தை இணைத்து, உங்களிடம்தான் வர விருப்பம், தொகையைக் கூட்ட முடியுமா என்று சிகாகோவுக்கு மரியாதையாக ஒரு மெயில். ஒஹையோவுக்கு, நிபந்தனையை எடுக்க முடியுமா என்று இன்னொன்று. ஹார்வர்டு, யேல், ஸ்டான்போர்டு மூன்றிடமும் இது பலிக்காது, அவர்கள் மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுப்பதே இல்லை, குடும்ப வருமானம் பார்த்துத்தான். மற்ற இடங்களில் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

முருகேசன்: இதை முதலிலேயே இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம்

கலா: நிபந்தனையை எடுத்தால் ஒஹையோதான். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்

சரோஜா அத்தை: கலா சொல்வது சரி. பக்கத்துக் காலேஜில் படித்தவன் கெட்டா போனான்? நம் முருகேசனே 1996-இல் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் கிடைத்த சீட்டை விட்டுவிட்டு இங்கேயே பி.காம் படித்துக் கடை வைத்து நன்றாகத்தானே இருக்கிறான்

(சரோஜா அத்தை இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்)

யாழினி: அத்தை, நான் படித்துவிட்டேன். சித்தப்பாவுக்குக் கிண்டியில் இடம் கிடைத்ததா? அப்பா சொன்னதே இல்லை

கார்த்திக் டல்லாஸ்: யாழு, அப்புறம் பேசலாம்

சரோஜா அத்தை: இன்றைய அழகர்கோவில் தரிசனம் 🙏🙏 (படம்)

செல்வம் (எடிசன்): அந்த வருடம்தான் நான் இங்கே வந்தேன். தோப்பை விற்றது ஒருவர் செலவுக்குத்தான் வந்தது

முருகேசன்: அதை இப்போது யார் கேட்டார்கள் அண்ணே

முருகேசன்: யாழு, சித்தப்பா ஓட்டு சிகாகோவுக்கு. கடை நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் கிண்டிப் பக்கம் பஸ் போனால் இன்றைக்கும் நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் திரும்பிக்கொள்வேன்

கலா: தம்பி, உங்களுக்கு வந்த கஷ்டம் வேறு. இது வட்டி

முருகேசன்: சரி மதினி

கார்த்திக் டல்லாஸ்: ஓட்டெடுப்பு ஒன்று போட்டிருக்கிறேன், எல்லோரும் போடவும்

கார்த்திக் டல்லாஸ்: சிகாகோ 4, ஒஹையோ 4. அத்தை, நீங்கள் இரண்டுக்கும் போட்டிருக்கிறீர்கள்

சரோஜா அத்தை: இரண்டும் நல்ல பள்ளிக்கூடம் என்றுதானே சொன்னீர்கள்

யாழினி: இரண்டு மெயிலும் அனுப்பிவிட்டேன்

செல்வம் (எடிசன்): என்னிடம் காட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம்

சரோஜா அத்தை: அப்பத்தா பேச வேண்டுமாம் (குரல் பதிவு, 0:14)

கார்த்திக் டல்லாஸ்: ஆபீஸ் காலில் இருக்கிறேன், என்ன சொல்கிறார்கள்?

முருகேசன்: சனிக்கிழமை என்னடா ஆபீஸ். யாழு கோர்ட்டில் கறுப்பு அங்கி போடுவாளா என்று கேட்கிறார்கள்

யாழினி: இல்லை அப்பத்தா. இங்கே ஜட்ஜ் மட்டும்தான் போடுவார். வக்கீலுக்குச் சாதாரணக் கோட்டுதான்

சரோஜா அத்தை: அப்புறம் எதற்கு இரண்டரைக் கோடி என்கிறார்கள்

கலா: யாழு, பதில் ஏதாவது வந்ததா?

யாழினி: சனிக்கிழமை அம்மா. திங்கள்தான் பார்ப்பார்கள்

ராஜாங்கம் (வக்கீல்): இரண்டாம் பக்கம் இன்னும் எனக்கு வரவில்லை

சரோஜா அத்தை: செல்வம், பந்தல் பணம்

முருகேசன்: செல்வம் அண்ணே, போனை எடு