கழிவிலிருந்து பசளை எடுப்பது இங்கே தொழிலாகுமா?

முறிகண்டிப் பெடியன்:
கனடாவில் இருக்கிற மச்சான் ஒருத்தன், கழிவுநீரிலிருந்து பொஸ்பரஸ் எடுத்து விற்கிறார்கள், இனி அதுதான் வளரப்போகிற தொழில் என்று கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுக்கிறான். என்னிடம் கிளிநொச்சிப் பக்கம் அரை ஏக்கர் மேட்டுக்காணி சும்மா கிடக்கிறது. 2021இல் அரசாங்கம் அசேதனப் பசளையை நிறுத்தினபோது எங்கள் வயல் மஞ்சளாகவே நின்றதும், அப்பா வரம்பில் குந்தியிருந்ததும் இன்னும் மறக்கவில்லை. மலக்கழிவு பவுசர், சந்தைக் குப்பை, மில் உமி, எதில் தொடங்கலாம்? பிழைக்க முடியுமா?

டோட்முண்ட் தம்பி:
மச்சான் சொல்வது பொய்யில்லை. நான் இங்கே ஜெர்மனியில் கழிவுநீர் நிலையத்தில்தான் வேலை. குழாய்க்குள் வெள்ளையாகக் கல் மாதிரிப் படிந்து அடைக்கும், சுத்தியலால் தட்டி எடுத்திருக்கிறோம். அதன் பெயர் ஸ்ட்ருவைட், மக்னீசியமும் அமோனியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த உப்பு. அதையே ஒரு தொட்டியில் வேண்டுமென்று படியவைத்தால் மெல்லக் கரைகிற பசளை. 2017இல் ஜெர்மனி போட்ட சட்டப்படி, 1 லட்சம் பேருக்கு மேற்பட்ட அளவுள்ள நிலையங்கள் 2029இலிருந்து பொஸ்பரஸை மீட்டே ஆக வேண்டும். பசளைக்கு வேண்டிய பொஸ்பேற் பாறையில் பெரும்பங்கு மொரோக்கோ பக்கம், அதையே நம்பியிருக்க வேண்டுமே என்பதுதான் இவர்களுடைய பயம்.

ஆனால் இதெல்லாம் ஊர்க்கழிவு முழுக்க ஒரே குழாயில் வந்து சேருகிற இடத்துக்கு. நம் பக்கம் வீட்டுக்கு வீடு குழி. (உப்பு வாரிய பிறகு உப்பளத்தில் மிஞ்சுகிற கசப்பு நீரில், ஸ்ட்ருவைட்டுக்கு வேண்டிய மக்னீசியம் நிறைய இருக்கும். ஆனையிறவு உப்பளத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவுதான்.)

வவுனிக்குளத்தான்:
தம்பி, மூன்று வருஷம் கூட்டெரு போட்டு விற்றவன் சொல்கிறேன், கேள். சந்தைக் குப்பை இலவசமாகத்தான் வந்தது, ஆனால் பாதி ஷொப்பிங் பாக். அதைப் பொறுக்க இரண்டு பேருக்கு நாள்கூலி கொடுத்ததில் இலவசம் போன இடம் தெரியவில்லை. கார்த்திகை மழைக்குக் கூரை போடாமல் விட்டேன், குவியல் சேறாகி நாறி, பக்கத்து வீட்டு அக்கா வந்து பேசின பேச்சு இங்கே எழுத முடியாது.

கணக்கும் பார். 50 கிலோ யூரியா மூட்டையில் நைதரசன் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான் இருக்கும். அப்படியென்றால் ஒரு மூட்டைக்கு ஈடாக ஏறக்குறைய 2 தொன் இழுக்க வேண்டும், அதுவும் உடனே பயிருக்குக் கிடைக்காது. எந்த வயல்காரன் வாங்குவான்? முந்தி எங்கள் ஐயா காலத்தில் வயலிலேயே மாட்டுப்பட்டி அடைப்பார்கள், எரு தானே நடந்து வந்துவிடும். நெல்லை மறந்துவிடு. பப்பாசி, மிளகாய், நாற்றுமேடைக்காரர்தான் காசு தருவார்கள்.

முல்லைத்தீவு மருமகள்:
பவுசர் மலக்கழிவில் தனியாகக் கை வைக்காதீர்கள் அண்ணா. அதில் இருக்கிற குடற்புழு முட்டைகள் லேசில் சாகாது, குவியல் முழுக்க 55 பாகை சூட்டில் நாட்கணக்கில் நிற்க வேண்டும். பலாங்கொடையில் நகரசபை மலக்கழிவைக் குப்பையோடு சேர்த்துக் கூட்டெரு ஆக்குகிறது, ஆனால் அது சபை நடத்துகிற வேலை. பிரதேச சபை, பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இருவரையும் கேட்காமல் ஒரு பவுசரைக் கூடக் காணிக்குள் விடாதீர்கள்.

முறிகண்டிப் பெடியன்:
சரி, பவுசரை விட்டேன். கோழி எருவும் உமியும் போட்டு, கூரைக்குக் கீழே சின்னக் குவியல் ஒன்று பார்க்கிறேன். மச்சானுக்கு இனி நான்தான் போன் எடுக்க வேண்டும். அண்ணை, சூடு பார்க்கிற வெப்பமானி எங்கே வாங்கினீர்கள்?

வவுனிக்குளத்தான்:
கோழி எருவுக்கு எதுக்கடா வெப்பமானி. ஒரு இரும்புக் கம்பியை நடுவில் குத்திப் பத்து நிமிஷம் விட்டு இழு. கையால் பிடிக்க முடியாவிட்டால் சரி. பிடிக்க முடிந்தால் கிளறு.