தகடு வேலைக்குக் குறைந்த செலவில் எந்தக் கேட் (கணினி வரைவு) மென்பொருள்? பெட்டியின் அளவும் குறைந்து வருகிறது

கேள்வி: பட்டறை உரிமையாளர், கப்பலூர்

அனைவருக்கும் வணக்கம். மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ஆறு பேர் வேலை செய்யும் சிறிய தகடு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். மின் பேனல் பெட்டிகளும், உணவகச் சமையலறைகளுக்கான எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) மேசைகளும்தான் எங்கள் பெரும்பகுதி வேலை. தகடு வெட்டும் ஷேரிங் இயந்திரமும், அதை மடிக்கும் பிரஸ் பிரேக் ஒன்றும் எங்களிடமே உள்ளன. லேசர் கட்டிங்கை மட்டும் வெளியில் ஜாப் ஒர்க்காகக் கொடுக்கிறோம்.

இதுவரை டெவலப்மென்ட் கணக்கை, அதாவது மடிப்பதற்கு முன் தகட்டை வெட்ட வேண்டிய விரித்த அளவை, எங்கள் மூத்த தொழிலாளி ஒருவர்தான் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு மடிப்புக்கும் தகட்டுக் கனத்தைப் போல இரண்டு மடங்கைக் கழிப்பது அவருடைய வழக்கம். அவர் ஓய்வு பெற்றபின் அதே கணக்கை வைத்துச் செய்த 16 கேஜ் (தகட்டுக் கனத்தைக் குறிக்கும் எண்) சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய எஃகு) பெட்டிகளில் 450 மி.மீ. இருக்க வேண்டிய அகலம் சிலவற்றில் 449.2 ஆகவும், சிலவற்றில் 448.7 ஆகவும் வந்தது. உள்ளே பொருத்தும் மவுண்டிங் பிளேட் பக்கச் சுவரில் உரசுகிறது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பெட்டிகளைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

ஆகவே முப்பரிமாணத்தில் வரைந்து, விரித்த அளவைத் தானாக எடுத்துத் தரும் மென்பொருள் ஒன்று வேண்டும். ஒருமுறை செலவாக 50,000 ரூபாய் வரை போட முடியும்; ஆண்டுதோறும் சந்தா கட்டும் நிலையில் நாங்கள் இல்லை. பெரிய மென்பொருளின் கிராக் செய்த பிரதியை நிறுவித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அதற்கு எனக்கு மனமில்லை. இலவச மென்பொருளை நம்பித் தொழில் செய்யலாமா?

பதில்: பேனல் பெட்டி தயாரிப்பாளர், கே.புதூர்

வணக்கம் ஐயா. உங்களுடையதைப் போன்ற வேலைக்கு நாங்கள் ஃப்ரீகேட் பயன்படுத்துகிறோம். அது திறந்த மூல மென்பொருள். வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இல்லை, கட்டணமும் இல்லை. அதை நிறுவியபின் ஆட்ஆன் மேனேஜர் வழியாக ஷீட்மெட்டல் ஒர்க்பெஞ்ச் என்ற கூடுதல் பகுதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடித்தகடு வரைவது, ஓரத்திலிருந்து மடிப்பை எழுப்புவது, மூலையில் தகடு கிழியாதிருக்க ரிலீஃப் வெட்டுவது, கடைசியில் முழுவதையும் விரித்து எடுப்பது ஆகிய எல்லாம் அதில் உண்டு.

முன்பு ஒருமுறை முயன்று கைவிட்டிருந்தால், மறுபடி முயன்று பாருங்கள். பழைய பதிப்புகளில், முதலில் வரைந்த அளவை மாற்றினால் அதன்மேல் எழுப்பிய மடிப்புகள் இடம் தெரியாமல் சிதறிவிடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அந்தக் குறை பெருமளவு சரிசெய்யப்பட்டுள்ளது. 600 உயரப் பெட்டியை 750 ஆக மாற்றும் வேலை எங்களுக்கு வாரந்தோறும் வருவதால், இந்த ஒரு மாற்றத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

பெட்டியைத் திடப்பொருளாக வரைந்து உள்ளே குடைந்து எடுக்காதீர்கள். எல்லா இடத்திலும் கனம் ஒன்றாகவும், மடிப்பில் ஆரம் இருப்பதாகவும், பற்றவைக்கும் மூலையில் இடைவெளி விட்டும் வரைந்தால்தான் விரித்தல் கட்டளை வேலை செய்யும்.

பதில்: பெண்டிங் வேலையில் நெடுநாள் இருப்பவர், மேலூர்

தம்பி, மென்பொருள் எதுவாக இருந்தாலும், நீங்கள் கொடுக்கும் எண்ணை வைத்துத்தான் அது கணக்குப் போடும். உங்கள் பெட்டிகளின் அகலம் குறைவதற்குக் காரணம் மடிப்புக் கழிவு, அதாவது ஒவ்வொரு மடிப்புக்கும் நீங்கள் கழிக்கும் அளவு. அதை அளந்து பார்க்காமல் எந்த மென்பொருளை நிறுவினாலும் இதே பெட்டிதான் வரும்.

நாளைக் காலை ஒரு சோதனை செய்யுங்கள். அதே தகட்டில் சரியாக 100 மி.மீ. நீளமுள்ள துண்டு ஒன்றை வெட்டி, நடுவில் 90 பாகைக்கு மடியுங்கள். இரண்டு கால்களின் வெளியளவையும் வெர்னியரில் அளந்து கூட்டுங்கள். கூட்டுத்தொகை 100-ஐவிட எவ்வளவு அதிகமோ, அதுதான் உங்கள் பிரஸ் பிரேக்கில், அந்த வி டையில் (தகடு அழுந்தி மடியும் வி வடிவப் பள்ளமுள்ள அச்சில்), அந்தத் தகட்டுக்குரிய மடிப்புக் கழிவு. ஒரு துண்டோடு நிறுத்தாமல் மூன்று துண்டு மடித்துச் சராசரி எடுப்பது நல்லது.

வி டையை மாற்றினால் கழிவும் மாறும். தகடு டையின் அடியைத் தொடாமல் மடியும் காற்று மடிப்பில் உள் ஆரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் டையின் வாயகலம்தான்; மைல்டு ஸ்டீலுக்கு அது வாயகலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 12 மி.மீ. டைக்கு உள் ஆரம் 2 மி.மீ. அளவில் வரும், 16 மி.மீ. டைக்கு அது இன்னும் கூடும். எஸ்.எஸ். தகட்டுக்குத் தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

தகட்டின் கனத்தையும் மைக்ரோமீட்டரில் பாருங்கள். 16 கேஜ் என்றால் நம் ஊரில் எஸ்.டபிள்யூ.ஜி. (பிரிட்டிஷ் கம்பி அளவு முறை) கணக்குப்படி 1.626 மி.மீ.; அமெரிக்க எஃகுத் தகட்டு அட்டவணையில் அதே எண்ணுக்கு 1.519 மி.மீ. அதனால் மென்பொருளில் கேஜ் எண்ணைத் தேர்ந்தெடுக்காமல், அளந்த மில்லிமீட்டரையே கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா சொன்னபடியே செய்து பார்த்தேன். 12 மி.மீ. டையில் 1.6 மி.மீ. தகட்டின் மூன்று துண்டுகளுக்கும் கூட்டுத்தொகை 103.0-ஐ ஒட்டியே வந்தது. நாங்கள் கழித்து வந்ததோ 3.2. இன்னொரு செய்தியும் தெரிய வந்தது: எங்களிடம் இருந்த 16 கேஜ் கட்டில் பாதித் தகடுகள் 1.5 மி.மீ.தான் இருக்கின்றன. இதை மென்பொருளில் எப்படிக் கொடுப்பது?

பதில்: பெண்டிங் வேலையில் நெடுநாள் இருப்பவர், மேலூர்

உங்கள் குறை முழுவதும் இதிலேயே இருக்கிறது. 20, 200, 450, 200, 20 என்று ஐந்து பக்கமும் நான்கு மடிப்பும் உள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 890. நான்கு முறை 3.0 கழித்தால் 878 வர வேண்டும், நீங்கள் 877.2-க்கு வெட்டியிருக்கிறீர்கள். பேக் கேஜை (தகட்டின் ஓரம் முட்டி நிற்கும் அளவுத் தடுப்பை) ஓரத்திலிருந்து வைத்து மடிப்பதால் ஓரப் பக்கங்கள் சரியாக அமைந்து, அந்த 0.8 குறை முழுவதும் நடுவில் சேர்ந்து 449.2 ஆகிறது. 1.5 தகட்டுக்குக் கழிவு 2.87 அளவில்தான் இருக்கும் என்பதால், அதே வெட்டளவில் 448.7 வந்திருக்கிறது.

மென்பொருள் கேட்கும் கே-மதிப்பை, அதாவது மடிக்கும்போது நீளம் மாறாத அடுக்கு தகட்டுக் கனத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் விகிதத்தை, இப்படி எடுங்கள். உள் ஆரம் 2, கனம் 1.6, இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 7.2. அதில் 3.0 கழித்தால் 4.2, இது மடிப்பில் அடங்கும் நீளம். அதை 1.5708-ஆல் (90 பாகையின் ரேடியன் அளவு) வகுத்தால் 2.674. ஆரம் 2-ஐக் கழித்து, மீதியைக் கனத்தால் வகுத்தால் 0.42. அதுதான் உங்கள் கே-மதிப்பு.

பதில்: பேனல் பெட்டி தயாரிப்பாளர், கே.புதூர்

அந்த 0.42-ஐக் கொடுக்கும்போது ஆன்சி (அமெரிக்கத் தர) முறையைத் தேர்ந்தெடுங்கள். டின் (ஜெர்மன் தர) முறையில் இதே மதிப்பை இரு மடங்காக, அதாவது 0.84 என்று எழுதுவார்கள். முறையை மாற்றிக் கொடுத்து நாங்கள் ஒரு நாள் வேலையை வீணாக்கியிருக்கிறோம். தகடு வகைகள் பெருகியபின், ஆரத்துக்கும் கனத்துக்கும் உள்ள விகிதத்துக்கு ஏற்பக் கே-மதிப்புகளை ஃப்ரீகேட் விரிதாளிலேயே அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம்.

பதில்: வரைவாளர், திருமங்கலம்

உரிமம் பற்றி ஒரு சொல். ஆட்டோடெஸ்க் ஃப்யூஷன் இலவசம் என்று பலர் சொல்வார்கள். அந்தத் தனிநபர் உரிமம் வணிகத்துக்கு உரியதன்று. சாலிட் எட்ஜ் கம்யூனிட்டி பதிப்பும் அப்படியே. ஆன்ஷேப்பின் இலவசத் திட்டமும் வணிகத்துக்கு ஆகாது. அத்துடன் அதில் வரையும் கோப்புகளை யாரும் பார்க்கலாம். இவற்றை வைத்துப் பில் போடும் வேலை செய்யாதீர்கள்.

கிராக் பிரதியை மறுத்தது மிகச் சரியான முடிவு. தெரிந்தே திருட்டு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

பணம் கொடுத்து வாங்குவதாயின், சந்தா இல்லாமல் நிரந்தர உரிமம் தரும் அலிப்ரே, பிரிக்ஸ்கேட் ஆகியவற்றை விசாரியுங்கள். இரண்டிலும் சில பதிப்புகளில் மட்டுமே தகடு வேலை உண்டு: அலிப்ரேயின் ஆட்டம் பதிப்பில் கிடையாது, பிரிக்ஸ்கேடில் மெக்கானிக்கல் பதிப்பை வாங்க வேண்டும். விலைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. என் கருத்தில், நீங்கள் முதலில் ஃப்ரீகேடில் மூன்று மாதம் வேலை செய்து பார்த்து, அதன்பின் தேவையிருந்தால் மட்டுமே பணம் போடலாம். சதுரத்திலிருந்து வட்டத்துக்கு மாறும் டக்ட் (காற்றுக் குழாய்) துண்டுகள் உங்களுக்கு அடிக்கடி வருமானால் இப்போதே சொல்லுங்கள். ஷீட்மெட்டல் ஒர்க்பெஞ்ச் சமதளமும் உருளை மடிப்பும் கொண்ட பொருளுக்கே ஏற்றது.

கேள்வி கேட்டவர்

டக்ட் வேலை எங்களுக்கு ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வரும். அதைக் கையால் விரித்துக்கொள்வோம். ஃப்ரீகேடையே நிறுவிவிட்டேன். பெட்டி நன்றாக விரிந்தது. ஆனால் விரித்த வரைவின் டிஎக்ஸ்எஃப் கோப்பை லேசருக்கு அனுப்பியபோது, மடிப்புக் கோடுகளையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். ஒரு தகடு போயிற்று.

பதில்: பேனல் பெட்டி தயாரிப்பாளர், கே.புதூர்

விரிக்கும்போது வெளிக்கோட்டையும் மடிப்புக் கோடுகளையும் தனித்தனி வரைவாக எடுக்கும் தேர்வு இருக்கிறது. லேசருக்கு வெளிக்கோடும் துளைகளும் உள்ள வரைவை மட்டும் அனுப்பி, மடிப்புக் கோடுள்ளதைத் தாளில் அச்சிட்டு உங்கள் பிரஸ் பிரேக் அருகில் ஒட்டி வையுங்கள். கோப்பின் பெயரிலேயே கனத்தையும் மில்லிமீட்டர் என்பதையும் எழுதுங்கள். அங்குலமாக எடுத்துக்கொண்டால் உருவம் 25.4 மடங்காகிவிடும். வெட்டும் முன் மொத்த நீளத்தைத் திரையில் அளந்து சொல்லும்படி லேசர் ஆபரேட்டரைக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

அவ்வாறே அனுப்பினேன். 878 மி.மீ. என்று வெட்டும் முன்பே தொலைபேசியில் சொன்னார்கள். இன்று மாலை மடித்த முதல் பெட்டி 450.1 வந்திருக்கிறது, மவுண்டிங் பிளேட் உரசாமல் இறங்கியது. 1.5 தகடுகளைப் பிரித்துத் தனியாக அடுக்கி வைத்துவிட்டோம். எஸ்.எஸ். தகட்டின் சோதனைத் துண்டுகளை வெள்ளிக்கிழமை மடிக்கிறேன். அந்த அளவுகளையும் இங்கேயே பதிகிறேன். மேலூர் ஐயா ஒருமுறை சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.