வேளச்சேரி குடியிருப்பு வாட்ஸ்அப் குழு: மெஷினில் வாடை

ஞாயிறு, காலை 8:10

எஃப்-2 அக்கா: வணக்கம். யாருக்காவது நல்ல வாஷிங் மெஷின் மெக்கானிக் தெரியுமா? எங்கள் ஃப்ரன்ட் லோடில் துவைத்து எடுத்தால் துணியில் ஒரு மக்கின வாடை. வெயிலில் காய்ந்த துண்டுகூட முகம் துடைத்தால் நாறுகிறது. நேற்று வந்தவர் டிரம்மை முழுசாகக் கழற்றித்தான் கழுவ வேண்டும், 4000 ரூபாய் ஆகும் என்கிறார்.

எஃப்-1 மாமி: எல்லாம் இந்த போர் தண்ணீர் பண்ணுகிற வேலை. பாத்ரூம் குழாயைப் பார், வெள்ளை வெள்ளையாக உப்பு பிடித்துக் கிடக்கிறது. மெஷின் மட்டும் தப்புமா?

எஸ்-1 தம்பி: எங்கள் வீட்டிலும் இதே வாடைதான் அக்கா. வாசனை லிக்விடை இன்னொரு மூடி சேர்த்து ஊற்றிச் சமாளிக்கிறோம் 😄

ஜி-1 அங்கிள்: தம்பி, அந்த லிக்விட் மிஞ்சினால் தட்டிலும் டிரம்மின் பின்பக்கத்திலும் கொழகொழவென்று ஒட்டும். வாடைக்கு அதுவே தீனி. முதலில் அதைக் குறையுங்கள்.

ஜி-1 அங்கிள்: எஃப்-2, பணம் கொடுப்பதற்கு முன் சொல்லுங்கள். எந்த புரோகிராமில் துவைக்கிறீர்கள்? முடிந்ததும் கதவை மூடிவிடுகிறீர்களா?

எஃப்-2 அக்கா: எப்போதும் க்விக் வாஷ்தான் அங்கிள், பச்சைத் தண்ணீரில். சுடுதண்ணீர் வைத்தால் கரன்ட் பில் ஏறுமே. கதவை மூடித்தான் வைப்போம். சின்னவன் உள்ளே ஏறி உட்காருகிறான்.

செயலாளர் சார்: மோட்டார் 9 மணிக்கு நிறுத்தப்படும். லாரி 11 மணிக்கு வரும். சம்ப் மூடி மேல் யாரும் பைக் வைக்க வேண்டாம்.

எஃப்-1 மாமி: போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள். அந்தச் சிவப்பு பைக் அங்கேயேதான் நிற்கிறது.

எஸ்-1 தம்பி: எடுத்துவிடுகிறேன் ஆன்ட்டி 🙏

காலை 8:41

ஜி-1 அங்கிள்: கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு தனித்தனி நோய் இருக்கிறது. மாமி சொல்கிற உப்பு ஒன்று, எஃப்-2 சொல்கிற வாடை இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் எதுவும் சரியாவதில்லை.

வாடை எங்கிருந்து வருகிறது என்றால், நாம் கண்ணால் பார்க்கிற ஸ்டீல் டிரம்மிலிருந்து இல்லை. அதற்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பவுடர் எச்சம், துணிப் பஞ்சு, உடம்பு எண்ணெய் எல்லாம் சேர்ந்து, கழுவாத குடத்துக்குள் பாசி பிடிக்கிற மாதிரி ஒரு படலமாகப் பிடித்துக்கொள்ளும். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் தடவிய தலை, தலையணை உறை, துண்டு. பச்சைத் தண்ணீரில் அந்த எண்ணெய் போகாது. கதவையும் மூடிவிட்டால் உள்ளே ஈரம், இருட்டு. கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

எஃப்-1 மாமி: அப்போ உப்பு?

ஜி-1 அங்கிள்: உப்பு பிடிப்பது ஹீட்டரில். தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம் சூடுபட்டால் சுண்ணாம்பாகப் பிரிந்து ஹீட்டர் கம்பியில் ஒட்டும். கீசரிலும் அதேதான் நடக்கிறது. கரன்ட் கூடும், கடைசியில் கம்பி போய்விடும். ஆனால் அது நாறாது மாமி.

எஃப்-1 மாமி: வினிகரையும் சோடா உப்பையும் சேர்த்து ஊற்றினால் எல்லாம் போகும் என்று ஒரு வீடியோ வந்ததே. இருங்கள், அனுப்புகிறேன்.

எஃப்-1 மாமி: (ஃபார்வர்டு செய்த வீடியோ)

ஜி-1 அங்கிள்: பொங்குவதைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஒன்று அமிலம், ஒன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டால் மிஞ்சுவது உப்புக் கரைசல்தான், சுத்தம் செய்கிற சக்தி இருக்காது. வினிகரை அடிக்கடி ஊற்றினால் ரப்பருக்கும் நல்லதில்லை.

எஃப்-2 அக்கா: சரி அங்கிள், நான் இப்போது மெஷின் முன்னாடிதான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் என்ன செய்ய?

ஜி-1 அங்கிள்: கதவு ரப்பரின் மடிப்பைக் கையால் பிரித்துப் பாருங்கள், முக்கியமாக அடிப்பக்கம்.

எஃப்-2 அக்கா: (படம்)

எஃப்-2 அக்கா: ஐயோ. கறுப்புப் புள்ளி, முடி, ஒரு சாக்ஸ் 😖

எஸ்-2 அண்ணன்: அந்த சாக்ஸ் எந்த வருஷத்தது?

ஜி-1 அங்கிள்: வெதுவெதுப்பான தண்ணீரில் லேசாக சோப்புத் தூள் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். ரப்பரின் அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும், அவை அடைத்திருக்கிறதா பாருங்கள். கத்தி, ஊசி எதுவும் வேண்டாம். ரப்பர் கிழிந்தால் அப்புறம் தரையெல்லாம் தண்ணீர்தான். பவுடர் ஊற்றுகிற தட்டையும் வெளியே இழுத்துக் கழுவுங்கள். நடுவில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்திக்கொண்டே இழுத்தால் முழுசாக வந்துவிடும்.

காலை 9:25

ஜி-1 அங்கிள்: அடுத்தது ட்ரெயின் ஃபில்டர், அழுக்குத் தண்ணீர் வெளியேறுகிற வழியில் இருக்கிற வடிகட்டி. மெஷினின் முன்பக்கம், கீழ் மூலையில் ஒரு குட்டிக் கதவு இருக்கும். சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுங்கள். பக்கத்தில் மெல்லிய குழாய் இருந்தால் முதலில் அதன் வழியாக ஒரு தட்டில் தண்ணீரை வடியுங்கள். அதற்குப் பிறகுதான் பெரிய திருகு, இடது பக்கமாகத் திருப்ப வேண்டும்.

எஃப்-2 அக்கா: குட்டிக் கதவு இருப்பதே எனக்குத் தெரியாது. பால்கனியில் மெஷினுக்கு முன்னாடி வாஷிங் பவுடர் மூட்டை வைத்திருக்கிறோம்.

எஃப்-2 அக்கா: (படம்)

எஃப்-2 அக்கா: வந்த பொருட்கள்: ஐந்து ரூபாய் நாணயம், ஹேர்பின், ஊக்கு, கூழாகிப்போன ஒரு பேருந்து டிக்கெட். ஊரே நாறுகிறது. வீட்டுக்காரர் பால்கனிப் பக்கமே வரமாட்டேன் என்கிறார்.

ஜி-1 அங்கிள்: வாடையில் கணிசமான பங்கு இதில்தான். மாதம் ஒரு தடவை திறந்தால் போதும். ஊக்கு பம்ப்பின் இறக்கையில் சிக்கியிருந்தால் தண்ணீரே வெளியேறாமல் பாதியில் நின்றிருக்கும். திருகைத் திரும்பப் போடும்போது இறுக மூடுங்கள்.

எஸ்-2 அண்ணன்: அங்கிள், எங்கள் மெஷினில் வாடை இல்லை, ஆனால் தண்ணீர் ஏற ரொம்ப நேரம் எடுக்கிறது. லாரித் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகுதான்.

ஜி-1 அங்கிள்: குழாயை அடைத்துவிட்டு, மெஷினுக்குப் பின்னால் தண்ணீர் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு சல்லடை இருக்கும், மணல் அடைத்திருக்கும். கழுவி மாட்டினால் சரி.

எஸ்-2 அண்ணன்: உப்பு பிடிக்காமல் இருக்கக் குழாயில் ஒரு ஃபில்டர் மாட்டலாம் என்று மெக்கானிக் சொன்னார். உள்ளே வெள்ளைக் கோலி மாதிரி உருண்டைகள்.

ஜி-1 அங்கிள்: அது பாஸ்பேட். தண்ணீரின் கடினத்தை, அதாவது கரைந்திருக்கிற கால்சியம், மெக்னீசியத்தை, எடுக்காது. கால்சியம் ஹீட்டரில் ஒட்டுவதைக் கொஞ்சம் தடுக்கும். உருண்டை கரைந்துகொண்டே வரும். தீர்ந்ததும் நிரப்பாவிட்டால் அது வெறும் குழாய்தான்.

எஸ்-1 தம்பி: நம் போர் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் 1100 காட்டுகிறது அங்கிள். ரொம்பக் கடினம்தானே?

ஜி-1 அங்கிள்: டிடிஎஸ் என்பது கரைந்திருக்கிற எல்லா உப்பும் சேர்ந்த கணக்கு. சமையல் உப்பும் அதில் வரும், அது ஹீட்டரில் ஒட்டாது. ஒட்டுவது கால்சியமும் மெக்னீசியமும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீர் எடுத்து, சோப்புக் கட்டியைச் சீவி இரண்டிலும் ஒரே அளவு போட்டுக் குலுக்குங்கள். கடினமான தண்ணீரில் நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி மிதக்கும்.

எஃப்-1 மாமி: படிகாரம் போட்டால் சரியாகிவிடாதா?

ஜி-1 அங்கிள்: படிகாரம் கலங்கலைத்தான் அடியில் இறக்கும் மாமி. கரைந்திருக்கிற கால்சியத்தை ஒன்றும் செய்யாது.

எஃப்-1 மாமி: நுரை வரவில்லை என்றுதான் நான் பவுடரை இன்னும் ஒரு கரண்டி போடுகிறேன்.

ஜி-1 அங்கிள்: நம் ஊரில் பாதி மெஷின் அப்படித்தான் கெடுகிறது. ஃப்ரன்ட் லோடில் துணி மேலே போய்க் கீழே விழுந்து அடிபடுவதால்தான் அழுக்கு போகிறது. நுரை நிறைந்தால் அந்த அடி மெத்தையில் விழுந்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஃப்ரன்ட் லோடு பவுடரே நுரை குறைவாக வரும்படிதான் இருக்கும். பக்கெட் பவுடரை இதில் போடாதீர்கள். கடினத் தண்ணீருக்குக் கொஞ்சம் கூடுதல் தேவைதான், ஆனால் நுரையைப் பார்த்து அல்ல, பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவைப் பார்த்து.

காலை 10:50

எஃப்-2 அக்கா: எல்லாம் கழுவியாகிவிட்டது. இப்போது?

ஜி-1 அங்கிள்: துணி இல்லாமல் டப் கிளீன் ஓட்டுங்கள், மெஷின் தன்னையே கழுவிக்கொள்கிற புரோகிராம் அது. இல்லாவிட்டால் இருப்பதிலேயே சூடான காட்டன் புரோகிராம். பில்லுக்குப் பயப்படாதீர்கள். ஹீட்டர் 2000 வாட் பக்கம் இருக்கும், ஒரு மணி நேரம் முழுக்க எரிந்தால்கூட 2 யூனிட்தான், அதுவும் தொடர்ந்து எரியாது. அதற்குப் பிறகு துண்டு, படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை 60 டிகிரியில் போடுங்கள். பட்டு, சாயம் போகிறது எதையும் அதில் சேர்க்க வேண்டாம்.

எஃப்-1 மாமி: என் உப்புக்கு என்ன வழி? அதைச் சொல்லவே இல்லை.

ஜி-1 அங்கிள்: எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். கேக் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். 100 கிராம் டிரம்மில் போட்டு, காலி மெஷினை 60 டிகிரியில் ஓட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். டிரம்மைத் தாங்குகிற கை அலுமினியம், அடிக்கடி அமிலம் பட்டால் அரித்துவிடும். மெஷின் கையேட்டில் வேண்டாம் என்று போட்டிருந்தால் அவர்கள் சொல்கிற பவுடரையே வாங்குங்கள். ஒரே நாளில் ப்ளீச்சையும் இதையும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். மூச்சுத் திணறும்.

எஃப்-2 அக்கா: கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறீர்கள். சின்னவனை என்ன செய்ய?

ஜி-1 அங்கிள்: அந்தப் பயம் நியாயம்தான். பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துவிட்டு மெஷின் கதவைத் திறந்து வையுங்கள். முடியாவிட்டால் ரப்பரைத் துடைத்து, அவன் தூங்குகிற நேரத்தில் மட்டும் திறந்து வையுங்கள். குழந்தைக்கு அப்புறம்தான் மெஷின்.

எஸ்-2 அண்ணன்: அப்போ அந்த மெக்கானிக் ஏமாற்றுகிறாரா?

ஜி-1 அங்கிள்: அப்படிச் சொல்ல முடியாது. பிழியும்போது லாரி ஓடுகிற மாதிரி இரைச்சல் வந்தாலோ, டிரம்மைக் கையால் தூக்கினால் ஆடினாலோ, டிரம் சுழலத் தாங்குகிற பேரிங் போயிருக்கும், அப்போது கழற்றித்தான் ஆக வேண்டும். வெறும் வாடைக்கு அது கடைசி வேலை.

எஸ்-1 தம்பி: நாங்கள் அடுத்த மாதம் பெருங்குடிக்கு வீடு மாறுகிறோம். மெஷினைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஜி-1 அங்கிள்: வாங்கும்போது பின்னால் நீளமான போல்ட்கள் இருந்திருக்கும். அவற்றை மாட்டித்தான் ஏற்ற வேண்டும், டிரம் ஆடாமல் இருக்க. புது வீட்டில் கழற்ற மறந்து ஓட்டினால் மெஷின் நடந்தே வாசலுக்கு வந்துவிடும்.

எஸ்-1 தம்பி: அந்த போல்ட் எங்கே என்று இன்றைக்கே தேடுகிறேன் 😬

எஃப்-1 மாமி: போன தடவை எங்கள் மெஷின் நின்றது உப்பாலும் இல்லை, வாடையாலும் இல்லை. அடியில் எலி புகுந்து வயரைக் கடித்துவிட்டது.

ஜி-1 அங்கிள்: பல மெஷின்களுக்கு அடிப்பக்கம் திறந்துதான் இருக்கும். கம்பி வலை அடித்துவிடுங்கள், ஆனால் காற்றும் ட்ரெயின் ஹோஸும் போக இடம் விட்டு. தரைத்தளத்தில் நாங்கள் சிமென்ட் மேடை கட்டி வைத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பக்கம் தண்ணீரில் நின்றதே. முங்கிய மெஷினை யாரும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. காய்ந்துவிட்டது என்று பிளக் போட்டால் கரன்ட் அடிக்கும், மெக்கானிக் திறந்து பார்த்த பிறகுதான்.

மாலை 5:35

எஃப்-2 அக்கா: டப் கிளீன் இரண்டு தடவை ஓட்டினேன். முதல் தடவை கண்ணாடியில் கறுப்புக் கறுப்பாகத் துகள் ஒட்டியது, இரண்டாவதில் குறைந்துவிட்டது. துண்டுகளை 60-இல் போட்டு எடுத்தேன். வாடை பெரும்பாலும் போய்விட்டது, ஒரு பழைய துண்டில் மட்டும் இருக்கிறது.

ஜி-1 அங்கிள்: அது துண்டுக்குள்ளேயே ஊறியிருக்கும். இன்னொரு முறை சூட்டில் போட்டுப் பாருங்கள். போகாவிட்டால் மிதியடி ஆக்குங்கள்.

செயலாளர் சார்: இன்று எத்தனை வீட்டில் டப் கிளீன் ஓடியது என்று தெரியவில்லை. மேல் தொட்டி காலியாகப் போகிறது. நாளைக்குத் தள்ளிப்போட முடிந்தவர்கள் தள்ளிப்போடுங்கள்.

எஸ்-2 அண்ணன்: எங்களுடையது பாதியில் ஓடிக்கொண்டிருக்கிறது சார் 🙏

எஃப்-1 மாமி: எஃப்-2, அந்த 4000 ரூபாய் மெக்கானிக் நம்பரை எனக்கு அனுப்பு. எலி வலை அடிக்க ஆள் வேண்டும்.