திரும்பி நின்ற பிறகு

மனதைத் தொட்ட கற்பனைக் கதை எது என்று கேட்டதற்கு மூன்று பேர் சொன்னவை இவை.

சி.ஏ. இன்டர் தேர்வில் இரண்டாவது முறையும் தோற்றபோது, வீட்டில் பாஸ் என்று சொல்லிவிட்டேன். அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவே பயம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார். போனைக் கவிழ்த்துப் போட்டிருப்பேன். ஓரத்தில் கசியும் வெளிச்சத்தில் போர்வை மட்டும் விட்டுவிட்டு மின்னும். ஐந்து மாதம் இப்படி.

ஹாஸ்டலில் யாரோ விட்டுப்போன புத்தகம் ஒன்று அப்போது கையில் கிடைத்தது. உர்சுலா லெ குவினின் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ', 1968-இல் வெளியானது. மந்திரம் படிக்கப் போன கெட், சக மாணவனிடம் கர்வத்தில் சவால் விட்டு, செத்துப்போன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழலும் வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அன்றிலிருந்து ஓட்டம்தான். கடைசியில் வல்லூறாக மாறிப் பறந்து, தான் மனிதன் என்பதே மறந்துபோகும் நிலையில், முதல் குரு ஓகியனின் கையில் வந்து இறங்குகிறான். ஓகியன் சொல்லும் வழி ஒன்றுதான்: ஓடுவதை நிறுத்தி, திரும்பு.

அந்தப் பக்கத்தோடு மூடிவைத்தேன். மணி பதினொன்றரை. அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. "லட்டு குடுத்த வீட்டுக்கெல்லாம் நானே சொல்லிக்கிறேன். நீ ஊருக்கு வாம்மா" என்றார்.

மீதியைப் பஸ்ஸில் படித்தேன். நடுக்கடலில் கெட் அந்த நிழலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அது அவனுடைய பெயர்தான். அவன் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை என்று வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன்.

*

எனக்கும் அதே புத்தகம்தான், ஆனால் மனசில் நின்றது கெட்டின் நிறம். செம்பழுப்பு. நண்பன் வெட்ச் இன்னும் கறுப்பு. லெ குவின் வேண்டுமென்றே அப்படி எழுதினார். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெட்டை வெள்ளைக்காரனாக்கியதை வெளிப்படையாகக் கண்டித்தார். நானோ பாதிப் புத்தகம்வரை அவனை வெள்ளையாகவே கற்பனை செய்திருந்தேன். கவனித்ததும் முதலிலிருந்து திரும்பப் படித்தேன்.

என் தம்பியை வகுப்பில் 'கருவாயா' என்பார்கள். அப்போது அவனுக்குப் பத்து வயசு. தினம் ராத்திரி கதையைத் தமிழில் சொன்னேன். ஒருநாள் அவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கெட்டை வரைந்திருந்தான். முகம் முழுக்க பிரவுன் கிரேயான், அழுத்தி அழுத்தித் தீட்டி, தழும்புக்கு மட்டும் இடம் விட்டு.

*

எனக்கு ஃப்ரோடோ, டோல்கீன் எழுதிய கதையின் நாயகன். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கடைசித் தொகுதியில் அவன் சுமந்து போன தீய மோதிரம் அழிந்து, எல்லாரும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆனாலும் கத்திக்குத்து பட்ட அக்டோபர் 6 வந்தால் அவனுக்கு உடம்பு முடியாமல் போகிறது. டோல்கீன் முதல் உலகப் போரில், 1916-இல், பிரான்ஸின் சோம் போர்முனையில் இருந்தவர், நெருங்கிய நண்பர்களை அந்தப் போரில் பறிகொடுத்தவர். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

விபத்து நடந்த தேதி நெருங்கினால் எனக்குக் கை நடுங்கும். "நாலு வருஷம் ஆச்சே, இன்னுமா?" என்பார்கள். நானும் என்னையே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஃப்ரோடோவைப் படிக்கும்வரை. இப்போது அந்த நாளில் லீவு போட்டுவிடுகிறேன். மனைவி காரணம் கேட்பதில்லை. அந்த அத்தியாயத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.