காய்கறி வைத்தால் ஃபொக்காச்சியா (இத்தாலியத் தட்டை ரொட்டி) நடுவில் வேகவே மாட்டேன் என்கிறது, ஏன்?

கேள்வி:
வெறும் உப்பும் ஆலிவ் எண்ணெயும் போட்டுச் சுட்டால் நன்றாகவே வருகிறது, மேலே மொறுமொறுப்பு, உள்ளே பெரிய பெரிய ஓட்டைகள். ஆனால் தக்காளி, சுக்கினி (வெள்ளரி போல நீண்ட பூசணி வகைக் காய்), வெங்காயம், ரோஸ்மேரி மூலிகை என்று அடுக்கிவிட்டால் காய்க்குக் கீழே மாவு பிசுபிசுவென்று நிற்கிறது, ரோஸ்மேரி கருகிக் கசக்கிறது. 500 கிராம் மாவு, 400 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 220 டிகிரியில் 25 நிமிடம். மாவில் தண்ணீரைக் குறைக்கவா?

பதில் 1:
குறைக்காதீர்கள், மாவு அவ்வளவு தளர்வாக இருப்பதால்தான் அந்த ஓட்டைகளே வருகின்றன. பிரச்சினை காயில். தக்காளி, சுக்கினி இரண்டிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். சுக்கினியை மெல்லிய வில்லையாக நறுக்கி உப்புத் தூவி அரை மணி நேரம் விட்டு, துணியில் வைத்துப் பிழிந்துவிடுங்கள் (அப்புறம் மேலே தூவும் உப்பைக் குறைக்க மறக்காதீர்கள்). சின்னத் தக்காளியைப் பாதியாக வெட்டி விதையை எடுத்துவிட்டு, வெட்டிய பக்கம் மேலே பார்த்தபடி வையுங்கள், அப்போதுதான் ஈரம் மாவுக்குள் இறங்காமல் ஆவியாகப் போகும். காளான் போடுவதாக இருந்தால் எண்ணெய் இல்லாமல் வாணலியில் சுண்ட வதக்கிய பிறகுதான்.

பதில் 2:
மூலிகைக்கு மட்டும் சொல்கிறேன். ரோஸ்மேரி, தைம் இரண்டும் சூடு தாங்கும், ஆனால் காய்ந்தபடி மேலே கிடந்தால் கருகத்தான் செய்யும். இலையை உருவி எண்ணெயில் புரட்டி, விரலால் குழி போடும்போது மாவுக்குள்ளேயே அழுத்திவிடுங்கள். பேசில், பார்ஸ்லி எல்லாம் வெளியே எடுத்த பிறகுதான். பச்சைப் பூண்டைச் சீவிப் போடவே போடாதீர்கள், என் அபிப்பிராயத்தில் ஃபொக்காச்சியாவைக் கெடுக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

பதில் 3:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஈரத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். இத்தாலியில் ஜெனோவா நகரத்தில் சுடுவதற்கு முன்பு உப்புத் தண்ணீரும் எண்ணெயும் கலந்து குழிகளில் ஊற்றவே செய்கிறார்கள், அது வேகாமலா போகிறது? அங்கே மேலே மூடி இல்லை, ஆவி தாராளமாக வெளியேறுகிறது. நீங்கள் நெருக்கி அடுக்கும்போது காயே மூடியாகிவிடுகிறது. பாதி இடமாவது மாவு வெளியே தெரியட்டும். இன்னொன்று, காய் வைத்த ஃபொக்காச்சியாவுக்கு 25 நிமிடம் போதாது. இரும்புத் தட்டில், ஓவனின் கீழ்த்தட்டில், 230 டிகிரியில் 30 நிமிடம் வரை விடுங்கள், மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். கண்ணாடிப் பாத்திரம் என்றால் அடிப்பக்கம் சூடேறவே நேரமாகும். வெந்ததும் தட்டிலேயே விடாமல் உடனே கம்பி வலைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடியில் வியர்த்து மறுபடி நமத்துப் போகும்.

கேட்டவர்:
கண்ணாடிப் பாத்திரம்தான்! நெருக்கித்தான் அடுக்கினேன் என்பதும் உண்மை. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிப் போட்டால் ஈரம் இருக்காது இல்லையா?

பதில் 3:
ஈரம் இருக்காது, ஆனால் அதில் இனிப்பு ஏறியிருப்பதால் முழு நேரமும் தாங்காது. கடைசி 10 நிமிடத்தில் தூவுங்கள். வதக்காத வெங்காயம் என்றால் மெல்லியதாகச் சீவி எண்ணெயில் பிசறி ஆரம்பத்திலேயே போடலாம்.