ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளால் போலிச் செல்பேசிக் கோபுரத்தைக் கண்டறிய முடியுமா?

படப்பெட்டி:
வணக்கம். நான் பேரணிகளிலும் போராட்டங்களிலும் படமெடுக்கும் செய்திப் புகைப்படக்காரர். அருகிலுள்ள செல்பேசிகளின் ஐஎம்எஸ்ஐ எனப்படும் சிம் அடையாள எண்களைச் சேகரிக்கும் போலிக் கோபுரத்தைக் காவல்துறை இயக்குகிறதா என்பதை, யாருடைய பேச்சையும் ஒட்டுக்கேட்காமல் அறிய விரும்புகிறேன். என்னை நம்பிப் பேசுபவர்கள் என் செல்பேசியால் அடையாளம் காணப்பட்டுவிடக் கூடாது. என்னிடம் ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளும் (கணினியில் செருகி ரேடியோ அலைகளைக் கேட்கும் சிறு கருவி) ஒரு ஃப்ளிப்பர் ஸீரோவும் (எளிய ரேடியோ கருவிகளைச் சோதிக்கும் கையடக்கக் கருவி) உள்ளன. டாங்கிளைச் செருகிய கணினியின் திரையில் 390 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே எப்போதும் கோடுகள் தெரிகின்றன. அவற்றுக்குப் பொருள் உண்டா?

பழைய டிரான்சிஸ்டர்:
ஃப்ளிப்பர் இந்த வேலைக்கு ஆகாது. அதன் ரேடியோ சில்லு கதவுத் திறப்பான்கள் போன்ற எளிய கருவிகளின் மொழியை அறியுமே தவிர, செல்பேசி வலையமைப்பின் மொழியை அறியாது. டாங்கிள் ஏறத்தாழ 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றாலும், ஒரு நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையே காட்டும்; 4ஜி அலைவரிசை ஒன்றே 20 மெகாஹெர்ட்ஸ் வரை விரியக்கூடியது. அதைவிடப் பெரிய சிக்கல், போலிக் கோபுரமும் உண்மைக் கோபுரத்தைப் போன்ற அலையையே அனுப்புவதால், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பது.

நீங்கள் பார்த்த கோடுகள், ஐரோப்பிய நாடு என்றால், பெரும்பாலும் காவல்துறை போன்ற அவசர சேவைகள் பேசப் பயன்படுத்தும் டெட்ரா எனும் ரேடியோ வலையமைப்பின் நிலையங்களாக இருக்கும். அங்கே 390 முதல் 395 வரை நிலையங்களும், 380 முதல் 385 வரை கையடக்கக் கருவிகளும் பேசும். நிலையம் இடைவிடாமல் ஒலிபரப்புவதால், அந்தக் கோடு பக்கத்தில் காவலர் நிற்பதைக் குறிக்காது.

அடுக்குமூன்று:
வேறுபாடு அலையின் தோற்றத்தில் இல்லை, கோபுரம் உங்கள் கருவியிடம் என்ன கேட்கிறது என்பதில்தான் இருக்கிறது. 2ஜியில் செல்பேசி தன்னை நிரூபிக்க வேண்டும், கோபுரம் நிரூபிக்க வேண்டியதில்லை. போலிக் கோபுரம் பிறந்ததே இந்த ஓட்டையில்தான். 3ஜியிலிருந்து இருதரப்புச் சரிபார்ப்பு வந்தபோதும், 4ஜியில்கூட அந்தச் சரிபார்ப்புக்கு முன்பே அடையாளத்தைக் கேட்க முடியும், செல்பேசியும் ஐஎம்எஸ்ஐயை மறைக்காமல் கொடுத்துவிடும். எனவே கவனிக்க வேண்டியவை, எதிர்பாராத அடையாளக் கேள்வி, 2ஜிக்கு இறங்கச் சொல்லும் கட்டளை, மறையாக்கமே (பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது) இல்லாத இணைப்பு ஆகியவையே.

கோபுரத்துடனான இந்த உரையாடல், செல்பேசியை வலையமைப்போடு இணைக்கும் பகுதியான மோடத்துக்குள் நடக்கிறது. முன்பு, அதைக் கவனிக்கும் ஸ்னூப்ஸ்னிட்ச் செயலிக்கு ரூட் செய்த (முழுக் கட்டுப்பாட்டைத் திறந்துவிட்ட), குவால்காம் நிறுவனச் சில்லுள்ள ஆண்ட்ராய்டு செல்பேசி தேவைப்பட்டது. இணைய உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் 2025இல் வெளியிட்ட ரேஹண்டர் எனும் மென்பொருள், ஆர்பிக் நிறுவனத்தின் சிறிய ஹாட்ஸ்பாட்டிலேயே (சிம் போட்டு வைஃபை தரும் கருவி) ஓடும். ஐயம் எழுந்தால் திரையின் பச்சைக் கோடு சிவப்பாகும். ஆயினும் உண்மையான வலையமைப்பும் சில வேளைகளில் அடையாளத்தைக் கேட்பதுண்டு. ஆகவே பேரணி இல்லாத நாட்களில் அதே தெருக்களில் நடந்து பதிவெடுத்து வைத்துக்கொள்ளாமல், ஒரே ஒரு சிவப்புக் கோட்டை வைத்துச் செய்தி எழுதிவிடாதீர்கள்.

மௌனஅலை:
ஒன்றைச் சேர்க்கிறேன். அலை எதையும் அனுப்பாமல், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் கருவியை இவற்றில் எதுவும் காட்டாது. செல்பேசிச் சேவை நிறுவனத்திடமிருந்து கோபுரப் பதிவுகளைக் காவல்துறை பின்னர் கேட்டுப் பெறும்போதும் வானில் எந்தத் தடயமும் இருப்பதில்லை. சட்டத்தையும் பாருங்கள்: பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டத்தின் 48ஆம் பிரிவு, உங்களுக்கென அனுப்பப்படாத செய்தியின் உள்ளடக்கத்தை மட்டுமல்ல, அனுப்புநர் யார் என்பதை அறிய முயல்வதையும் தடுக்கிறது.

படப்பெட்டி:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் டாங்கிளை விற்றுவிடலாமா? களத்தில் கோடு சிவப்பானால் என்ன செய்வது?

அடுக்குமூன்று:
விற்க வேண்டாம். 1090 மெகாஹெர்ட்ஸில் பல ஹெலிகாப்டர்கள் தம் இருப்பிடத்தைத் தாமே வெளிப்படையாக அறிவிக்கின்றன, அதற்கு டாங்கிள் அருமையாகப் பயன்படும். சிவப்பானால் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, பதிவுக் கோப்பைச் சேமித்து, விவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் சிம் இருப்பது ஏற்கெனவே பதிவாகியிருக்கலாம். ஆண்ட்ராய்டு 12 முதல் பல செல்பேசிகளில் 2ஜியை அணைக்கும் வசதி உண்டு, அதை இன்றே செய்யுங்கள்; உங்களிடம் பேசுபவரைச் சந்திக்கப் போகும்போது செல்பேசியை எடுத்துச் செல்லாதீர்கள்.